மின்சார கார் சார்ஜிங்: பயம் ஒரு பக்கம், ஆபத்து வேறு பக்கம்

மின்சார கார் வாங்கிய புதிதில் எல்லாரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். மழையில் சார்ஜ் போடலாமா? ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் பேட்டரி கெட்டுவிடுமா? இரவு முழுக்கச் செருகியே வைத்தால் ஓவர்சார்ஜ் ஆகுமா? இந்த மூன்றையும் பெருமளவு காரே பார்த்துக்கொள்கிறது. கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: சுவரில் இருக்கும் பழைய பிளக் பாயிண்ட், எட்டு மணி நேரம் இடைவிடாமல் 16 ஆம்ப் தாங்குமா?

இந்தக் குழப்பத்துக்கு வேர் பெட்ரோல் பங்க் பழக்கம். அங்கே பம்ப் தள்ளுகிறது, டேங்க் வாங்கிக்கொள்கிறது. பம்ப் பெரிதானால் டேங்க் சீக்கிரம் நிரம்பும். மின்சார காரில் வெளியிலிருந்து யாரும் எதையும் உள்ளே தள்ளுவதில்லை. எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கேட்பதும், போதும் என்று நிறுத்துவதும் கார்தான். இது பிடிபட்டால் பாதி சந்தேகங்கள் தானாகவே தீர்ந்துவிடும்.

சுவர்ப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது

வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜிங் பெட்டியைச் சார்ஜர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை (மாறுமின்னோட்டம்) பேட்டரிக்கு வேண்டிய டிசியாக (நேர்மின்னோட்டம்) மாற்றும் வேலை அதற்குள் நடப்பதில்லை. அதைச் செய்யும் ஆன்-போர்டு சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது ஒரு கான்டாக்டர் (மின்சாரத்தை இணைக்கும், துண்டிக்கும் சுவிட்ச்), கசிவைக் கண்காணிக்கும் சர்க்யூட், காருடன் பேச ஒரு சிக்னல். முக்கியமாக இவ்வளவுதான்.

அந்தப் பேச்சு 'கன்ட்ரோல் பைலட்' என்ற சின்ன பின் வழியாக நடக்கிறது. பெட்டி அதில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அனுப்பும். அலை எவ்வளவு நேரம் உச்சத்தில் நிற்கிறது என்பதே செய்தி: 10 சதவீதம் என்றால் 6 ஆம்ப் வரை எடுக்கலாம், சுமார் 53 சதவீதம் என்றால் 32 ஆம்ப் வரை. கார் தன் பக்கம் ரெசிஸ்டர்களை இணைத்து அந்த அலையின் 12 வோல்ட் உச்சத்தை 9-க்கு இறக்கினால், கன் (கேபிள் முனையில் காரில் செருகும் பகுதி) செருகப்பட்டிருக்கிறது என்று பொருள். 6-க்கு இறக்கினால் மின்சாரம் கொடு என்று பொருள். அதற்குப் பிறகே கான்டாக்டர் மூடும். பெட்டி சொல்வது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு எடுப்பது என்பதைக் கார் முடிவுசெய்கிறது.

ஆகவே 7.4 கிலோவாட் ஆன்-போர்டு சார்ஜர் உள்ள காரை 22 கிலோவாட் சார்ஜிங் கம்பத்தில் செருகினாலும் 7.4-தான் ஏறும். தலைகீழான ஏமாற்றமும் உண்டு. சில கார்களின் 11 கிலோவாட் சார்ஜர், மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றிலும் 16 ஆம்ப் எடுக்கும்படி அமைந்தது. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அது 16 ஆம்ப்பிலேயே நின்று 3.7 கிலோவாட்தான் வாங்கும். வேறு சில கார்கள் அதே இணைப்பில் 7.2 அல்லது 7.4 வரை எடுக்கும். பெட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் காரின் கையேட்டில் 'சிங்கிள் ஃபேஸில் அதிகபட்ச ஆம்ப்' என்ன என்று பார்ப்பது நல்லது.

வரம்புக்குக் கீழ்ப்பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. இந்த முறையில் 6 ஆம்ப்புக்குக் கீழே கேட்க வழியில்லை. 230 வோல்ட்டில் அது 1.38 கிலோவாட். மின்வெட்டு நேரத்துக்கான சிறிய வீட்டு இன்வெர்ட்டரில் காரைச் செருகினால் ட்ரிப் ஆவது இதனால்தான். கூரை சோலாரின் உபரியை மட்டும் காருக்குத் திருப்பிவிடும் பெட்டிகள், உபரி 1.4 கிலோவாட்டைத் தாண்டும்வரை காத்திருப்பதும் இதனால்தான். மூன்று ஃபேஸ் என்றால் அந்தக் கீழ் எல்லை 4.1 கிலோவாட். ஜெனரேட்டரில் தொல்லை வேறு விதம். பல கையடக்க ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்காது. எர்த் இல்லை என்று கருதி சார்ஜிங் கேபிள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும்.

வீட்டில் எவ்வளவு வேகம் போதும்

60 யூனிட் (யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி) பேட்டரியை 10 ஆம்ப் பாயிண்டில், அதாவது 2.3 கிலோவாட்டில், காலியிலிருந்து நிரப்ப 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள். தினமும் காலியிலிருந்து நிரப்புபவர் யார்? கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் செலவு என்று வைத்தால், 40 கிலோமீட்டர் ஓடிய காருக்கு 6 யூனிட் திரும்பக் கொடுத்தால் போதும். 2.3 கிலோவாட்டில் இழப்பையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும் வேலை. தினம் 150 கிலோமீட்டர் ஓடுபவருக்கும், ஒரே இடத்தில் இரண்டு மின்சார கார் வைத்திருப்பவருக்கும் கணக்கு வேறு.

மெதுவாகப் போட்டால் மின்சாரம் மிச்சம் என்ற நம்பிக்கை மட்டும் தவறு. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கம்ப்யூட்டர்கள், பம்ப், ரிலே எல்லாம் விழித்திருக்கும். அதற்கு 300 வாட் போகிறது என்று கொள்வோம். 1.4 கிலோவாட்டில் சார்ஜ் செய்தால் உள்ளே வரும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே கரைகிறது. 7.4 கிலோவாட்டில் அதே 300 வாட் வெறும் 4 சதவீதம். ஏசியை டிசியாக மாற்றுவதில் போகும் வெப்ப இழப்பு தனி. மீட்டரில் 10 யூனிட் ஓடினால் பேட்டரிக்குள் எட்டரை, ஒன்பது யூனிட் போய்ச் சேர்வது இயல்பு. மீட்டர் ஏமாற்றுகிறது என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

350 என்று எழுதியிருந்தால் 350 வருமா

டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் மாற்றும் வேலை வெளியே நடக்கிறது. மின்சாரம் நேராக பேட்டரிக்குப் போகிறது. அங்கேயும் கேட்பது கார்தான். பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், இப்போது இத்தனை வோல்ட், இத்தனை ஆம்ப் போதும் என்று ஒரு நொடிக்குள் பலமுறை சொல்லிக்கொண்டே இருக்கும்.

கிலோவாட் என்பது வோல்ட்டை ஆம்ப்பால் பெருக்கி வருவது. சிசிஎஸ் எனும் டிசி ஃபாஸ்ட் சார்ஜ் கன்னில், கேபிளைத் திரவத்தால் குளிர்வித்தாலும், பொதுவாகக் கிடைக்கும் உச்சம் 500 ஆம்ப். 400 வோல்ட் பேட்டரி உள்ள கார் அதில் 200 கிலோவாட்டுக்கு மேல் வாங்கவே முடியாது; கம்பத்தில் 350 என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். 2019-இல் வந்த போர்ஷே டைகான், 2021-இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவை 800 வோல்ட் அமைப்புக்கு மாறியதன் பலன் இதுதான். அதே ஆம்ப்பில் இரட்டிப்பு கிலோவாட். பழைய சார்ஜர் 500 வோல்ட்டோடு நின்றுவிடுவதாக இருந்தால், அந்த 800 வோல்ட் கார்கள் தங்களுக்குள்ளேயே வோல்டேஜை உயர்த்திக்கொள்ள வேண்டும். அப்போது வேகம் குறையும்.

குளிர்விப்பு இல்லாத சாதாரண கேபிளில் 200 ஆம்ப்தான் எல்லை என்றால், 350 வோல்ட் அளவில் நிற்கும் பேட்டரிக்கு 70 கிலோவாட்தான் வரும். பெயர்ப்பலகை 120 என்று சொல்லும். பழைய 50 கிலோவாட் சார்ஜர்களில் 125 ஆம்ப் எல்லை சகஜம். 350 வோல்ட்டில் அது 44 கிலோவாட்டுக்கும் குறைவு. இரண்டு கன் உள்ள இயந்திரத்தில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால், இருப்பதைப் பங்கிட்டுவிடும். வேகம் திடீரென்று பாதியாகிவிட்டால் முதலில் பக்கத்துக் கன்னைப் பாருங்கள்.

இதையெல்லாம்விட நேரத்தைத் தின்பது சார்ஜ் ஏறும் வளைவு. பேட்டரிக்குள் உள்ள ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் அதன் உச்சத்தை (நிக்கல் சார்ந்த என்எம்சி வகையில் 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் சார்ந்த எல்எஃப்பி வகையில் 3.65) நெருங்க நெருங்க பிஎம்எஸ் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 60 யூனிட் பேட்டரியில் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 42 யூனிட் வேண்டும். சராசரி 75 கிலோவாட் கிடைத்தால் 34 நிமிடம். மிச்சம் 12 யூனிட்டை சராசரி 25 கிலோவாட்டில் ஏற்றினால் 29 நிமிடம். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய அதே நேரம்! நெடும்பயணத்தில் ஒரே இடத்தில் 100 வரை உட்கார்ந்திருப்பதைவிட, 60, 70 சதவீதத்தில் கிளம்பி இன்னொரு இடத்தில் நிறுத்துவது பெரும்பாலும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அடுத்த சார்ஜர் வேலை செய்கிறது என்பது உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஃபாஸ்ட் சார்ஜ் பேட்டரியைக் கொல்லுமா? அடிக்கடி போட்டால் தேய்மானத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பயணங்களில் போடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உண்மையான கேடு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, குளிர்ந்த பேட்டரியில் அதிக மின்னோட்டம். லித்தியம் அயனிகள் செல்லின் கிராஃபைட் முனைக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது. இன்னொன்று, நீண்ட நேரச் சூடு. இரண்டையும் பிஎம்எஸ் அறியும். அதனால்தான் குளிரில் கார் சார்ஜ் ஏறும் வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குகிறது, வெயிலில் ஏர்கண்டிஷனர் கம்ப்ரசரை ஓடவிட்டு பேட்டரியைக் குளிர்விக்கிறது. சார்ஜ் ஏறும்போது முன்பக்கத்திலிருந்து ஃபேன் இரைச்சல் கேட்டால் பதறாதீர்கள். பல கார்களில் நேவிகேஷனில் சார்ஜிங் நிலையத்தை இலக்காகப் போட்டால், போகும் வழியிலேயே பேட்டரியை உரிய வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடும். நிலையம் பக்கத்தில்தானே என்று நேவிகேஷன் போடாமல் போனால் அந்த வசதி வேலை செய்யாது.

80-ல் நிறுத்துவதா, 100 வரை விடுவதா

எந்த வகை பேட்டரி என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நிக்கல் சார்ந்த என்எம்சி, என்சிஏ வகைகள் நிறைந்த நிலையில் நின்றுகொண்டிருப்பதை விரும்பாது, அதுவும் வெயிலில். 100 வரை ஏற்றி உடனே கிளம்பினால் பெரிய தீங்கில்லை. ஏற்றிவிட்டு ஒரு வாரம் நிறுத்திவைப்பதுதான் தேய்க்கும். அன்றாடத்துக்கு 80, பயணத்துக்கு முந்தைய இரவு 100 என்ற வழக்கம் இவற்றுக்குப் பொருந்தும். பல கார்களில் கிளம்பும் நேரத்தைக் குறித்துவைத்தால், அதை ஒட்டி முடியும்படி காரே சார்ஜைத் தொடங்கும்.

எல்எஃப்பி பேட்டரிக்கும் நிறைந்தபடி நெடுநாள் நிற்பது உகந்ததல்ல. ஆனால் அதற்கு வேறொரு சிக்கல். 20 சதவீதத்துக்கும் 80-க்கும் இடையே எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் 0.1 வோல்ட் அளவுகூட மாறுவதில்லை. என்எம்சியில் அரை வோல்ட் அளவுக்கு மாறும். வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாததால், பிஎம்எஸ் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே கணக்கு வைக்கிறது. அதில் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 100-ஐத் தொடும்போதுதான் கணக்கு நேராகும். டெஸ்லா தன் எல்எஃப்பி கார்களுக்கு வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். எங்கோ படித்த 80 சதவீத விதியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் எல்எஃப்பியை நிரப்பாமல் ஓட்டினால், திரையில் 12 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கார் சட்டென்று 3-க்கு இறங்குவது போன்ற விபரீதம் நேரலாம். பேட்டரி பழுதாகவில்லை, கணக்குதான் தப்பியிருக்கிறது.

காலியாகும்வரை ஓட்டிவிட்டு ஏற்ற வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியம் அயன் பேட்டரிக்குச் சின்னச் சின்னதாக ஏற்றுவதே நல்லது. பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போவது மோசமான காரியம். திரையில் பூஜ்யம் வந்த பிறகும் அடியில் கொஞ்சம் ஒதுக்கிவைத்திருப்பார்கள். வாரக்கணக்கில் நின்றால் அதுவும் வடிந்துவிடும். நெடுநாள் நிறுத்த 40, 50 சதவீதம் சரியாக இருக்கும்.

மழை

டைப் 2 (ஏசி), சிசிஎஸ் (டிசி) கன்களில் எர்த் பின் முதலில் தொடும். பைலட் பின் கடைசியில் தொடும். கழற்றும்போது பைலட் முதலில் விடுபடும், அந்தக் கணமே மின்சாரம் நின்றுவிடும். கையில் பிடித்திருக்கும் கன்னில் மின்சாரம் இல்லை. டிசியில் இன்னும் ஒரு படி கூடுதல்: சார்ஜ் தொடங்குமுன் இயந்திரம் கேபிளில் வோல்டேஜ் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். ஈரத்தால் கசிவு தெரிந்தால் பிழை காட்டி நிற்கும், ஆளைத் தாக்காது. கன்னின் வாய்க்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் கவிழ்த்து உதறிவிட்டுச் செருகுங்கள்; துணியோ காகிதமோ விட்டுக் குடைய வேண்டாம். வெள்ளத்தில் நின்ற சார்ஜரையும், கேபிள் உறை கிழிந்த கன்னையும் தொடவே வேண்டாம்.

மழையில் கவலைப்பட வேண்டிய இடம் கேபிளின் மறுமுனை. காரோடு வரும் போர்ட்டபிள் கேபிளைத் திறந்தவெளியில் உள்ள மூன்று பின் பாயிண்டில் செருகினால், அந்த இணைப்புக்கு மேற்சொன்ன பாதுகாப்பு எதுவும் கிடையாது. அங்கே எப்போதும் மின்சாரம் இருக்கிறது.

பிளக் பாயிண்ட்

கெட்டில் ஐந்து நிமிடம் ஓடும், இஸ்திரிப் பெட்டி விட்டுவிட்டு ஓடும். கார் மட்டும்தான் மணிக்கணக்கில் ஒரே அளவில் இழுக்கும். பாயிண்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உருவானாலே, 16 ஆம்ப்பில் 25.6 வாட் வெப்பம் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் சேரும். சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கி ஸ்க்ரூ இன்னும் தளரும், தடை கூடும், சூடு கூடும். பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, பிறகு கருகும். மின்னோட்டம் அளவு மீறினால் ட்ரிப் ஆகும் எம்சிபி இதைக் காணாது; மின்னோட்டம் எப்போதும் அதே 16 ஆம்ப்தானே. இதே தடையில் 10 ஆம்ப் ஓடினால் வெப்பம் 10 வாட்தான். சந்தேகமான பாயிண்டில் கார் மெனுவிலோ கேபிளிலோ 10-க்குக் குறைத்துவைப்பது அந்த அளவுக்கு வித்தியாசம் செய்யும்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் போதாது, ஏனென்றால் சூடேறிய உள்பிடி ஏற்கெனவே இறுக்கத்தை இழந்திருக்கும். கேபிளின் நடுவில் உள்ள கனமான பெட்டி தொங்கிக்கொண்டு பிளக்கை இழுத்தாலும் இதே விளைவுதான்; அதற்கு ஒரு கொக்கி அடித்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. ரீலில் சுற்றியபடியே பயன்படுத்துவது அதைவிட மோசம், வெப்பம் வெளியேற இடமே இல்லை.

தனி இணைப்பு இழுப்பதாக இருந்தால், 32 ஆம்ப் பெட்டிக்கு 40 ஆம்ப் எம்சிபியும் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் பொதுவான அளவு. தூரமும் சுவருக்குள் போகும் விதமும் பொறுத்து 10 ஆகலாம். 30 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டரில் போய்வரும் தடை சுமார் 0.185 ஓம். 32 ஆம்ப்பில் 6 வோல்ட் அளவு இறங்கும், 190 வாட் அளவு கம்பியிலேயே சூடாகப் போகும். மின்கசிவு வந்தால் ட்ரிப் ஆகும் ஆர்சிசிபி விஷயத்தில் 'ஏசி டைப்' போதாது. காரிலிருந்து டிசி கசிவு வந்தால் அது உணர்விழந்து, ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமல் போகலாம். சுவர்ப் பெட்டியிலேயே 6 மில்லிஆம்ப் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் 'ஏ டைப்' போதும். இல்லையென்றால் 'பி டைப்' வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பதில் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எர்த் இல்லை என்று கேபிள் சிவப்பு காட்டும்போது, அதை ஏமாற்றும் அடாப்டரை இடையில் செருகுவது இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாத் தவறுகளையும்விட ஆபத்தானது. ஆன்-போர்டு சார்ஜரில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் எப்போதும் காரின் உடலுக்கு வந்து, எர்த் வழியே போய்க்கொண்டிருக்கும். எர்த் இல்லையென்றால் அது உடலிலேயே நிற்கும். தொட்டால் சுள்ளென்று இருக்கும். அத்தோடு இன்சுலேஷனும் எங்காவது பழுதானால், கதவைத் தொடுபவர்தான் எர்த்.

சார்ஜ் தொடங்காதபோதும், கன் வராதபோதும்

பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் கார் சார்ஜ் ஏற்க மறுக்கலாம். பல கார்களில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியை வெளியுலகோடு இணைக்கும் கான்டாக்டர்களை இயக்குவது அதுதான். அது செத்துவிட்டால் கதவுகூடத் திறக்காது. கையேட்டில் காட்டிய முனைகளில் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் கார் விழித்துக்கொள்ளும்.

டிசி நிலையத்தில் தொடங்காவிட்டால், கேபிளின் எடையைக் கையால் தாங்கிக்கொண்டு கன்னை நேராக உள்ளே அழுத்திப் பிடித்தபடி மறுபடி முயலுங்கள். தொங்கும் எடையால் பைலட் பின் சரியாகத் தொடாமல் பேச்சு அறுந்துபோவது அடிக்கடி நடப்பது. சிவப்பு அவசரப் பொத்தானை யாராவது அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கன்னை எடுத்துவிட்டு, காரைப் பூட்டி இரண்டு நிமிடம் விட்டு, வேறு கன்னில் செருகுங்கள். முடிந்த பிறகு கன் வரவில்லை என்றால் இழுத்துப் போராட வேண்டாம். முதலில் ஆப்பிலோ திரையிலோ சார்ஜை நிறுத்தி, சாவியால் காரைத் திறந்துவிட வேண்டும். பல கார்களில் பூட்டு அதோடு விலகும். அப்போதும் விடாவிட்டால், பானெட்டுக்கு அடியிலோ பின்பெட்டியின் பக்கவாட்டு மூடிக்குள்ளோ கையால் இழுக்கும் ஒரு நாடா பெரும்பாலான கார்களில் இருக்கும். அது உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.